சத்துமாவுக்கு ரேஷன் கார்டு வேணுமா?

எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே சித்தாள் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண்ணுக்கு எட்டு மாதக் குழந்தை. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கலையா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "வெளியூர்க்காரங்க சார், இங்க ரேஷன் கார்டு இல்ல. எப்படிக் குடுப்பாங்க?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி சந்தேகம் வந்து, 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்தேன். நிரல் படித்துப் பழகினவனுக்குச் சட்டம் ஒண்ணும் பெரிய விஷயமில்லை, யாருக்கு, எப்போது என்ற நிபந்தனைகள்தான்.

மூன்றாம் பிரிவு மானிய விலை அரிசி, கோதுமைக்கானது. கிராமத்தில் 75%, நகரத்தில் 50% மக்கள் வரை என்று வரம்பு உண்டு, பட்டியல் உண்டு. (தமிழ்நாட்டில் அரிசி எல்லாருக்கும் என்பதால் நமக்கு இது உறைப்பதில்லை.) நாலாம், ஐந்தாம் பிரிவுகளில் அந்தப் பட்டியலே கிடையாது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் என்றே இருக்கிறது. வருமானம் பற்றிப் பேச்சே இல்லை. நிரந்தர அரசு ஊழியருக்குக்கூட மகப்பேறு பணம்தான் கிடையாது, சாப்பாடு உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆறு மாதக் கணக்கு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் உணவு தாய்க்கு, அப்போது குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். தாயின் பங்கு முடிகிற அன்றே குழந்தையின் பங்கு தொடங்கி ஆறு வயது வரை போகிறது. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அளவும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: தாய்க்குத் தினம் 600 கிலோ கலோரி, மூன்று வயது வரை குழந்தைக்கு 500, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு 800. அதனால்தான் எடை பார்ப்பது முக்கியம்.

பணம் வேறு கதை. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். இரண்டாவது பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000. இந்த நிபந்தனைகளைக் கேள்விப்பட்டுத்தான் சாப்பாட்டுக்கும் ஏதோ இருக்கும்னு பலர் நினைச்சுக்கறாங்க.

ஒரு நாள் லீவு போட்டு அவங்களோட போனேன். அங்கன்வாடி அம்மா ஆதாரைப் பார்த்து, பேர் எழுதி, குழந்தையை எடை போட்டாங்க. "இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?"

ரெண்டு தெரு தள்ளி, நாலு மாசமா. அதில் ரெண்டு மாசம் தாயோட பங்கு, ரெண்டு மாசம் குழந்தையோடது.