புறா பிடிக்கும் கெளுத்தி

தெற்குப் பிரான்சின் ஆல்பி நகரில், பழைய பாலத்துக்குக் கீழே டார்ன் ஆற்றில் ஒரு சரளைத் திட்டு உண்டு. புறாக்கள் அங்கே இறங்கி நீர் குடிக்கும், குளிக்கும். விளிம்பில் வெல்ஸ் கெளுத்திகள் சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஒரு புறா அசைந்தால் போதும். பாதி உடல் கரையேறும்படி பாய்ந்து, கவ்வி, ஆழத்துக்கு இழுத்துவிடும்.

2011இல் துலூஸ் ஆய்வாளர்கள் பாலத்தின் மேலிருந்து இப்படி 54 பாய்ச்சல்களைப் பதிவுசெய்தார்கள். அவற்றில் 28 சதவீதத்தில் புறா சிக்கியது. நீரில் நின்றாலும் அசையாதிருந்த புறாக்களை மீன்கள் தொடவில்லை. பாயும்போது மேல்தாடை மீசைகள் விறைத்து நின்றன. கண்ணை நம்பாமல், நீரின் அதிர்வைக் கொண்டே இவை இரையைக் குறிவைக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மீன்களின் உடலில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: சில மீன்களின் உணவில் புறாவுக்குப் பெரும் பங்கு, மற்றவை வழக்கம்போல மீனும் நன்னீர்ச் சிங்கி இறாலும் தின்றன.

நம் ஊர் வாளைக்கு உறவான இந்த மீனின் தாயகம் கிழக்கு ஐரோப்பா. டார்னில் விடப்பட்டது 1983இல்தான். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும் என்பதால் தூண்டில்காரர்களுக்கு இதன்மேல் தனி ஆசை.

புறா வேட்டைக் காணொளி உலகைச் சுற்றிவந்தது. ஆனால், நாம் கவலைப்பட வேண்டிய வேட்டை டார்ன் போய்க் கலக்கும் கரோன் ஆற்றில் நடக்கிறது. முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன்களைக் கோல்ஃபெக் அணைக்கு மேலே கொண்டுசெல்ல அங்கே ஒரு மீன்தூக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குச் செல்லும் குறுகிய கால்வாயில் கெளுத்திகள் காத்துக் கிடக்கின்றன. 2016இல் அங்கே வந்த 39 சால்மன்களில் 14 அவற்றுக்கு இரையாயின. லாம்ப்ரேக்களின் நிலை இதைவிட மோசம். தாடையே இல்லாத, பாம்பு போன்ற இந்தத் தொல்லினம் அப்பகுதியில் அருகிவருகிறது. விழுங்கப்பட்டால் சமிக்ஞை மாறும் கருவியைப் பொருத்தி 49 லாம்ப்ரேக்களை ஆற்றில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் 39 தின்னப்பட்டுவிட்டன.

இரை எங்கே நெருக்கியடித்து வருகிறதோ அங்கே போய் நிற்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த மீனின் பலம். கோல்ஃபெக்கில் அந்த நெருக்கடியை உண்டாக்கியது அணை. கெளுத்திகளைப் பிடித்து அகற்றுவதைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். அதோடு, சால்மன்கள் சிதறி நீந்த இடமிருக்கும்படி அந்தக் கால்வாயையும் மாற்றியமைக்க வேண்டும்.