சின்ன மாற்றங்கள் - 11: வேலைக்கு ஒரு நேரம் கொடுங்கள்

விளக்கை அணைத்த பிறகுதான் வேலைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். கரன்ட் பில்லுக்குக் கடைசி நாள் எது? ஸ்கூல் வேன் பணம் கொடுத்தாயிற்றா? அப்பாவின் உயிர்வாழ் சான்றிதழ் என்ன ஆனது? பகலில் தலைகாட்டாதவை ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நிற்கின்றன. இதற்காக உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். முடிக்காத வேலையை மனம் லேசில் விடாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி, லித்துவேனியாவில் பிறந்து பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் ஆய்வு செய்த புளூமா ஜைகார்னிக். பலருக்குப் புதிர், கைவேலை என்று சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தார். சிலவற்றை முடிக்க விட்டார், சிலவற்றைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டபோது, பாதியில் நின்றவைதான் அதிகம் நினைவில் இருந்தன. 1927-ல் வெளியான ஆய்வு இது. பின்னாளில் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு அதிகம் பயன்படுவது 2011-ல் மாசிகாம்போ, பவுமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் கண்டது. பாக்கி வேலையின் நினைப்பு, செய்துகொண்டிருக்கும் வேலையில் குறுக்கிடுகிறது. ஆனால் அந்தப் பாக்கியை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டவர்களுக்கு இந்தக் குறுக்கீடு அடங்கியது. இத்தனைக்கும் வேலை இன்னும் முடியவே இல்லை! ஒரு நேரம் குறித்ததே மனத்துக்குப் போதுமாக இருந்தது.

2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். செய்ய வேண்டியதை விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமானவர்கள். மாதக்கணக்கில் தூக்கமில்லாதவர்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

'விவரமாக' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'அப்பா சான்றிதழ்' என்று மட்டும் எழுதினால் அது கவலையின் பெயர்தான். 'புதன் காலை 10 மணி, அஞ்சலகத்துக்கு போன். போஸ்ட்மேன் வீட்டுக்கு வரும் நாளைக் கேட்க வேண்டும். ஆதார், பென்ஷன் ஆர்டர், பாஸ்புக் எடுத்து வைக்க வேண்டும்' என்று எழுதுங்கள். 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டிலேயே கைரேகை வைத்து முடிக்கிற வேலை அது. எழுத உட்கார்ந்தால்தான் அதன் அளவு தெரிகிறது.

தாளில் எழுதுங்கள். செல்போனைத் திறந்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும்.

செய்ய ஒன்றுமே இல்லாத கவலைகளும் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு அது தெரியும். அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: 'வெள்ளி மாலை ரிப்போர்ட் வரும். கூட யார் போவது என்று நாளைக் காலை பேச வேண்டும்.'

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இந்தப் பட்டியல் முழுவதும் ஒரே ஆள் தலையில் இருக்கிறது, பெரும்பாலும் அம்மாவின் தலையில். மாவு தீர்ந்ததும் கேஸ் புக் பண்ணுவதும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் அவருக்கு மட்டுமே ஞாபகம் இருக்கின்றன. அவரை இன்னொரு பட்டியல் எழுதச் சொல்வது அநியாயம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் எல்லோருமாக எழுதுங்கள், வேலைக்குப் பக்கத்தில் செய்பவர் பெயரோடு. மாத்திரை வாங்குவது மகன் பெயரில் இருந்தால், தீர்வதற்கு முன் வாங்குவதும் அவன் பொறுப்பு. அம்மா ஞாபகப்படுத்தக் கூடாது.

பட்டியலில் ஆறு மாதமாக நகராமல் கிடக்கும் வேலைகளை என்ன செய்வது? அடுத்த வாரம் பார்ப்போம்.