கல்லீரல் மாற்றியபின் மறுபடியும் மஞ்சள் ஏன்?



"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சபையில் ஸ்தோத்திரம் செலுத்தினோமே, மறுபடியும் ஏன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்?" கல்லீரல் மாற்றிக்கொண்டவரின் வீட்டாரிடம் பலர் இப்படிக் கேட்பதுண்டு. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு அது குற்றச்சாட்டைப்போல ஒலிக்கிறது.

நமது வெள்ளணுக்கள் கிருமியை எதிர்ப்பதுபோலவே, பிறருடைய கல்லீரலையும் அந்நியமென்று எண்ணி எதிர்க்கும். இதை 'ரிஜெக்‌ஷன்', அதாவது நிராகரிப்பு என்கிறார்கள். முதல் சில மாதங்களில்தான் இது அதிகம். இந்த எதிர்ப்பை அடக்கி வைப்பதற்கே டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன.

பழைய வியாதி திரும்புவது வேறு. கல்லீரல் புதிதானாலும் ஓடுகிற இரத்தம் பழையதே. ஹெபடைடிஸ் சி கிருமி இரத்தத்தில் இருந்தால் புதிய கல்லீரலையும் பற்றிக்கொள்ளும். ஒருகாலத்தில் மருத்துவர்களுக்கு இது பெரிய தலைவலி. 2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்தபின், மாத்திரைகளைக்கொண்டே பெரும்பாலோரிடம் அக்கிருமியை ஒழிக்க முடிகிறது. ஹெபடைடிஸ் பி அப்படி ஒழிவதில்லை. ஆனாலும் மருந்து தொடரும்வரை அடங்கியிருக்கும். புற்றுநோய் திரும்புவதே மிகக் கடினமானது.

நிராகரிப்போ, பழைய வியாதியோ, வெளியே தெரிவது ஏறக்குறைய ஒன்றே: களைப்பு, மஞ்சள் கண், இரத்தப் பரிசோதனையில் ஏறிய எண்கள். சிலருக்கு அந்த எண்களைத் தவிர வேறு அறிகுறியே இராது. ஆனால் சிகிச்சையோ எதிரெதிரானது. நிராகரிப்புக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்கவேண்டும். கிருமி திரும்பியிருக்கும்போது அப்படி அடக்கினால் கிருமி பெருகிவிடும். ஆகவேதான் ஊசியால் கல்லீரலில் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் வரும் நிராகரிப்பு பெரும்பாலும் சில நாள் ஸ்டீராய்டு ஊசியில் தணிந்துவிடும். பித்தக் குழாய்கள் மெல்ல அழிகிற நாட்பட்ட நிராகரிப்பு அரிது. ஆனால் அதில் சிலருக்கு மறுபடியும் கல்லீரல் மாற்ற நேரிடலாம்.

நிராகரிப்பு என்ற சொல்லே மனதை உடைக்கிறது. தங்கை தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்திருப்பாள். "நான் கொடுத்தது வீணாயிற்றோ" என்று அவளும், "என் உடம்பு ஏற்கவில்லையே" என்று அண்ணனும் தனித்தனியே அழுவார்கள். யார்மேலும் குற்றமில்லை என்பதை மருத்துவர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுவது நல்லது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவருக்கும் இது வருவதுண்டு.

ஆயினும் மாத்திரை தவறுவது பெரிய ஆபத்து. உபவாச நாளானாலும் அதை விடக்கூடாது. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் மட்டும், காலை மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்தபின் சாப்பிடவேண்டும். பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மிகவும் இறக்கிவிடும். நாட்டு மருந்தை அன்பளிப்பாகக் கொண்டுபோகாதிருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்கப் போவதையும் தள்ளிப்போடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்க ஊரே திரளும். ஆயுள் முழுவதும் மாதாமாதம் வாங்கவேண்டிய மாத்திரைக்கு அப்படி யாரும் திரளுவதில்லை. இரண்டாம் வருடத்திலும் ஐந்தாம் வருடத்திலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்பவர்களே அவர்களுக்கு வேண்டும்.