இருக்கைக்கும் வேண்டும் ஐந்தில் ஒரு பங்கு

'நமக்கு நாமே' திட்டத்தைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், தெருவுக்கு சிமெண்ட் சாலை வேண்டும் என்றால், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் மக்கள் பங்கு ஐந்தில் ஒன்று போதும். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு ஊர்த் தெருவில் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டிய இடத்தில், காலனியில் 2 லட்சம் கட்டினால் வேலை தொடங்கும். அந்த 2 லட்சத்தைத் திரட்டவே நாய் படாத பாடு பட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும், இல்லாதவனிடம் குறைவாகக் கேட்க வேண்டும் என்ற எளிய நியாயம் அந்தத் திட்டத்தின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த நியாயம் தெருவோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டுவதில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் படியேறினோம். எங்களில் பாதிப் பேர் தமிழ் முதுகலை படித்தவர்கள். ஒருவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஒருவர் காவலர், இருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஆண்டுக்கு ஒரு அறக்கட்டளைப் பொழிவு நடக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆறு மாதம் அலைந்து 1,10,000 ரூபாய் சேர்த்திருந்தோம். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து 200 ரூபாய் எடுத்துத் தந்த பாட்டி, 'அவரு யாருப்பா, நம்ம ஆளா?' என்று கேட்டுவிட்டுத்தான் தந்தார்.

அலுவலகத்தில் மரியாதையாகவே பேசினார்கள். அறக்கட்டளைக்கான குறைந்தபட்சத் தொகை இப்போது 5 லட்சம் ஆகிவிட்டது, மீதியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள் என்றார்கள். வெளியே வந்தால் வராந்தாச் சுவரில் ஒரு பலகை. ஏற்கெனவே நிறுவப்பட்ட அறக்கட்டளைகளின் பட்டியல். மில் முதலாளிகள், ஒப்பந்ததாரர்கள், பழைய நிலக்கிழார்கள். நின்று முழுவதும் படித்தோம். நம் தெருவிலிருந்து ஒரு பெயர் இல்லை.

ஒரு சொற்பொழிவுக்கே இந்தக் கதி என்றால், ஆய்வு இருக்கை எங்கே!

இருக்கை என்றால் நாற்காலி அல்ல. ஒரு பெரிய தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டு, முதலைத் தொடாமல், ஆண்டுதோறும் அதில் கிடைக்கும் வருவாயை மட்டும் எடுத்து ஒரு பேராசிரியருக்குச் சம்பளமும் ஆய்வுச் செலவும் தருவது. வழக்கமாக நூற்றுக்கு நான்கு, ஐந்து ரூபாய்தான் எடுப்பார்கள். ஆட்சி மாறினாலும், துணைவேந்தர் மாறினாலும், பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் அந்தப் பதவி இருக்கும். அதனால்தான் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 40 கோடி ரூபாய். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் 10 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கிவைத்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து சிறுகச் சிறுகப் பணம் வந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018இல் இலக்கு எட்டியது.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நாங்களும் அன்று மகிழ்ந்தோம். அதை இன்று குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வைப்பு நிதி 3,500 கோடி டாலருக்கு மேல் என்று படித்தபோது தொண்டையில் ஏதோ சிக்கியது. மக்கள் பணமும் அரசுப் பணமும் சேர்ந்து ஓர் இருக்கையை உருவாக்கலாம் என்று நம் அரசுக்கே தெரிந்திருக்கிறது. யாருடைய இருக்கைக்கு, எங்கே என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

இப்படி மக்கள் கொடையோடு அரசு தன் பங்கைச் சேர்ப்பதை அமெரிக்க மாநிலங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன. அவர்களுடைய 'நமக்கு நாமே' என்று வைத்துக்கொள்ளுங்கள். புளோரிடா மாநிலம் 1979இல் தொடங்கியது. கொடையாளர் 6 லட்சம் டாலர் தந்தால் அரசு 4 லட்சம் போடும், 10 லட்சத்தில் ஓர் இருக்கை. கென்டக்கி மாநிலம் 1990களின் இறுதியில் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டது. வட கரோலினா 1985இல் தனி நிதியமே அமைத்தது. கொடையாளர் இரண்டு பங்கு, அரசு ஒரு பங்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே என்று நம் ஆட்களுக்கு உடனே தெரிந்துவிடும். எவனுக்குப் பணக்கார உறவு இருக்கிறதோ அவன் கையில்தான் அரசுப் பணமும் போய்ச் சேரும். பழைய மாணவர்களில் வங்கி முதலாளிகளும் ஆலை அதிபர்களும் உள்ள பல்கலைக்கழகம் பத்து இருக்கைக்குக் கொடை திரட்டும், பத்துக்கும் அரசு பங்கு போடும். கூலிக்காரர் பிள்ளைகள் படித்த பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் திரட்டவே திணறும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். விளைவு ஒன்றல்ல.

வட கரோலினாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே சேப்பல் ஹில் நகரத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் 1795இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அதன் முதல் கட்டடங்களை எழுப்பியதில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் உழைப்பு இருந்தது. அந்த மக்களின் வழிவந்தவர்கள் அங்கே இளங்கலை வகுப்பில் உட்கார 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செங்கல் சுமக்கலாம், பெஞ்சில் உட்காரக் கூடாது. நமக்குத் தெரிந்த கதைதான்.

கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாகக் கல்லூரி நடத்து என்று 1890இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் வழியில் 1891இல் பிறந்தது கிரீன்ஸ்பரோ நகரத்தின் வேளாண், தொழில்நுட்பக் கல்லூரி. இன்று அது பெரிய பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரியின் மாணவர்கள் நான்கு பேர்தான் 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய ஒரு கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. எழுந்தும் போகவில்லை. இரட்டைக் குவளைக் கடைகளின் முன் நின்ற நம் இளைஞர்களுக்கு அந்த நால்வரும் சொந்தக்காரர்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவரின் தாத்தா வாரத்துக்கு உழுதவர். அவர் எங்கே எழுதி வைப்பார் 3 லட்சம் டாலரை? சேப்பல் ஹில்லின் வைப்பு நிதியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது.

இதைப் பார்த்துத்தான் வட கரோலினா பின்னாளில் சட்டத்தைத் திருத்தியது. மாநிலத்தின் ஐந்து கறுப்பினப் பல்கலைக்கழகங்கள், அமெரிக்கப் பழங்குடியினருக்காக 1887இல் தொடங்கப்பட்ட பெம்ப்ரோக் கல்லூரி, இன்னும் சில பின்தங்கிய நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் அளவுகோல் மாறியது. கொடையாளர் ஒரு டாலர் போட்டால் அரசும் ஒரு டாலர் போடும். 5 லட்சம் டாலர் இருக்கை ஒன்றுக்கு சேப்பல் ஹில் 3,33,000 திரட்ட வேண்டும் என்றால், இவர்கள் இரண்டரை லட்சம் திரட்டினால் போதும். காலனித் தெருவுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்கிறோமே, அதே கணக்குதான்.

இதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை, வெள்ளையருக்கென்று தொடங்கிய இணையான பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் தலைக்கு எவ்வளவு தந்தீர்களோ அதே அளவு கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கும் தந்திருந்தால், 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும் என்றது கடிதம். அந்த கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 200 கோடி டாலர் பாக்கி. நமக்கான துணைத் திட்ட நிதி எங்கே போனது என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அதே 2023இல் இன்னொன்றும் நடந்தது. இனிமேல் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த இருக்கைகளுக்கு மட்டும்தான் அரசுப் பங்கு என்று வட கரோலினா சட்டமன்றம் முடிவெடுத்தது. அடிமை முறையின் வரலாற்றை ஆராய ஓர் இருக்கை வேண்டுமானால் கொடையாளரே முழுவதையும் கட்டிக்கொள்ள வேண்டும். அரசு எதற்குப் பங்கு போடுகிறதோ அதுதான் ஆராயப்படும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? புளோரிடாவோ 2011க்குப் பிறகு வந்த கொடைகளுக்குப் பங்கு போடுவதையே நிறுத்திவைத்தது. ஆகவே விதி எழுதினால் மட்டும் போதாது, நிதியும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

பேராசிரியர் பதவி ஒன்றுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன், மெக்விக்கர் என்பவர் பெயரிலான அரசியல் பொருளாதார இருக்கையில் இருந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி எப்படி வளர்ந்தது என்று அம்பேத்கர் எழுதிய ஆய்வு 1925இல் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவரும் செலிக்மன்தான். அரசு தந்த உதவித்தொகை ஒரு பக்கம், நிலைத்த இருக்கையில் இருந்த ஆசிரியர் மறுபக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நம் பாபாசாகேப் ஆய்வாளர் ஆனார்.

இங்கேயும் அம்பேத்கர் பெயரில் இருக்கைகள் உண்டு. ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் கீழுள்ள டாக்டர் அம்பேத்கர் அறக்கட்டளை சில பல்கலைக்கழகங்களில் நடத்துகிறது. ஆனால் அவை ஆண்டு மானியத்தில் ஓடுபவை. இந்த ஆண்டு வந்த மானியம் அடுத்த ஆண்டும் வர வேண்டும்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை தந்தார், அடுத்த ஆண்டு அரசாணை வந்தது. அன்று தந்த நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, எப்போது யார் கைக்கு மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆவணக் காப்பகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊர் ஊராகவும் உட்கார்ந்தால் ஒரு மாவட்டத்துக்கே பத்தாண்டு பிடிக்கும். மாதச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத கௌரவ விரிவுரையாளரால் அது ஆகாது. முனைவர் பட்ட மாணவரால் ஒரு வட்டத்தை முடிக்கலாம். நிலைத்த இருக்கை இருந்தால்தான் முழுதாக நடக்கும்.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடு கூடாது என்று 1998இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இருக்கையைத் தனித்த ஒற்றைப் பதவியாக உருவாக்கினால், நம் பணத்தில் நம் தலைவர் பெயரில் உண்டாகும் இடத்திலும் நம்மவர் உட்காருவதற்கு உறுதி இருக்காது. பல்கலைக்கழகத்தின் மொத்தப் பேராசிரியர் பணியிடங்களோடு சேர்த்து, சுழற்சிப் பட்டியலுக்குள் வைத்துத்தான் உருவாக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கையைப் பெரிதாக எழுதத் தேவையில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருக்கைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அரசு இணைப்பங்கு தர வேண்டும். சாதி, நிலம், ஒடுக்கப்பட்டோர் வரலாறு, வாய்மொழி வழக்காறு ஆகியவற்றை ஆராய்பவற்றுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் திரட்டும் கொடைகளுக்கும் மக்கள் பங்கு ஐந்தில் ஒன்று என்று இருக்க வேண்டும். அந்த விதி அன்றே இருந்திருந்தால், 5 லட்சத்துக்கு எங்கள் பங்கு 1 லட்சம். கையில் 10,000 மிஞ்சியிருக்கும்.

அந்தப் பணம் அஞ்சலகத்தில் மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்காகக் கிடக்கிறது. வட்டியோடு 1,34,000 ரூபாயை நெருங்கிவிட்டது. 200 ரூபாய் தந்த பாட்டி போன பொங்கலுக்கு வழியில் பார்த்து, 'அந்தக் கூட்டம் எப்பய்யா நடக்கும்?' என்று கேட்டார். அடுத்த மாதம் உயர்கல்வித் துறைக்கு மனு அனுப்புகிறோம். ஒன்றியத்தில் உள்ள கல்லூரி மாணவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தின் நகலையும் மனுவோடு இணைக்கப் போகிறோம்.