கூடாரம் காற்றோடு போகாமல் இருக்க...

சித்திரை, வைகாசியில் இளம்பிள்ளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் கஞ்சமலை மேல் கருமேகம் திரளும். மழைக்கு முன்னால் காற்று வரும். அது வந்த பிறகு கூடாரத்துக்கு முளை தேடி ஓடுவதில் என்ன பயன்?

இந்தச் சீமைக்குக் கித்தான் கூடாரம் புதிதல்ல. 1792 முதல் 1799 வரை சேலம், பாராமகால் பகுதியில் நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோ, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனவர். இன்று சாரணப் பிள்ளைகள் அதில் படுக்கிறார்கள்.

பள்ளி நாளில் நான் போன ஒரு முகாமில், நள்ளிரவில் முகட்டுக் கம்பு சரிந்து பக்கத்துப் பையனின் தலையணை மேல் விழுந்தது. நல்ல வேளை, அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். விடிந்ததும் பார்த்தோம். கயிறு ஒன்றுகூட அறவில்லை. முளைகள்தான் பிடுங்கிக்கொண்டு கிடந்தன. அத்தனையும் செங்குத்தாக அடித்தவை!

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நாலு மடங்காகும். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரமுள்ள துணியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 35 கிலோ பாரம். 60 கிலோமீட்டர் என்றால் 140 கிலோ. அவ்வளவையும் தாங்குவது மண்ணிலுள்ள முளை.

ஆகவே முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாயும்படி அடியுங்கள். முழ நீளமாவது இருக்கட்டும். கூடாரத்தோடு தரும் சின்ன முளைகளை நான் நம்புவதில்லை. உழுத மண்ணானால் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு அடித்து, இரண்டையும் கயிற்றால் பிணையுங்கள். அதுவும் நிற்காவிட்டால் பெரிய கல்லில் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்து வாசலைக் கட்டிவிடுங்கள்; உள்ளே புகுந்த காற்று துணியைக் குடைபோல் தூக்கும்.

இன்னொன்றை இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பருத்தி நனைந்தால் நூல் தடிக்கும், துணி சுருங்கும். பருத்திக் கயிறும் அப்படியே. முறுக்கிக் கட்டிய கயிறு மழையில் இன்னும் இறுகி முளையைப் பிடுங்கும், அல்லது துணியைக் கிழிக்கும். தூறல் விழுந்ததும் கொஞ்சம் தளர்த்துங்கள். நைலான் கயிறோ இதற்கு நேர்மாறு, நனைந்தால் தொய்யும். அதை இழுத்துக் கட்டவேண்டும்.

இடி கேட்டால் எதையும் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இடி இல்லாமல் காற்று மட்டும் மிஞ்சி, கம்பு முனகத் தொடங்கினால், முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பிறகு கம்பை இறக்கித் துணியைப் படுக்கவைத்து மேலே கல் ஏற்றுங்கள். காற்று வரும் பக்கத்து முளைகளை மட்டும் பிடுங்கவேண்டாம். பிடுங்கினால் மறுநாள் துணியைப் பக்கத்துக் காட்டில்தான் தேடவேண்டியிருக்கும்!