'மேலே' இருப்பதன் கூலி

"மனுஷ இயல்பே அதுதாங்க. எவனையாவது மட்டம் தட்டலைன்னா அவனுக்குத் தூக்கம் வராது." இலக்கியக் கூட்டங்களிலும் இயக்கக் கூட்டங்களிலும் இந்த வாக்கியத்தைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். 'இயல்பு' என்ற சொல் வந்து விழுந்ததும் விவாதம் நின்றுபோகிறது. ஆகவே அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி உயிர் பிழைத்தவர். அவரது குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். பின்னர் உளவியலாளரான அவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகளை 1970இல் வெளியிட்டார். ஒரு சோதனையில், க்ளேயின் ஓவியம் பிடிக்கிறதா, காண்டின்ஸ்கியின் ஓவியமா என்று கேட்டுச் சிறுவர்களை இரண்டு அணியாக்கினார். தன் அணியில் யார் யார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பிறகு காசு மதிப்புள்ள புள்ளிகளை மற்றவர்களுக்குப் பங்கிடச் சொன்னார். தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. தன் அணிக்கு நிறையக் கிடைக்கும் வழி இருந்தும், இரு அணிக்குமான வித்தியாசத்தைக் கூட்டும் வழியையே சிறுவர்கள் பெரிதும் நாடினார்கள். நமக்குக் குறைஞ்சாலும் சரி, அவனுக்கு இன்னும் குறையணும்.

"பார்த்தீர்களா, இயல்புதானே!" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கோட்டைக் கிழித்தது சிறுவர்கள் அல்ல, ஆய்வாளர். கையில் கொடுத்த தாளில் இரு தரப்புக்கும் பங்கிடுவதைத் தவிர வேறு செயலுக்கு இடமே இல்லை. உந்துதல் இருக்கட்டும். அதற்கு ஓர் எதிராளியைக் காட்டிக் கொடுத்தது அந்தத் தாள்.

சமூகத்தில் அந்தத் தாளை அச்சடிப்பது யார்? அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935இல் இதற்கு ஒரு விடை தந்தார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென்மாநிலங்களில் குறைந்த கூலி பெற்ற வெள்ளைத் தொழிலாளிக்கு, வெள்ளையன் என்ற பொது மரியாதை இன்னொரு கூலியாக வழங்கப்பட்டது என்றார். அது மனக்கூலி. முதலாளிக்குச் செலவில்லாத கூலி. அதனாலேயே இரண்டு தொழிலாளிகளும் ஒன்றுசேரவில்லை.

அடுத்த ஆண்டில் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில், சாதிகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருப்பதாலேயே அவற்றை ஒன்றுதிரட்ட முடியவில்லை என்று காட்டினார் அம்பேத்கர். மேலிருந்து மிதி வாங்குகிறவனுக்கும் கீழே மிதிக்க ஒருவன் தரப்பட்டிருக்கிறான். அதை இழக்க மனசு வருமா?

1955இலேயே சட்டப்படி குற்றமாகியும் அதற்குப் பிறகும் நம் டீக்கடைகளில் நீடித்த இரட்டைக் குவளையை யோசித்துப் பாருங்கள். ஒரே பாய்லர், ஒரே டீ. தனிக் குவளையில் குடிக்கிற 'மேல்'சாதிக் கூலியாளுக்கு ஒரு சொட்டுகூடக் கூடுதலாக விழுவதில்லை. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் வித்தியாசம்தான். அந்த ஒரு குவளைக்காக, தன்னோடு ஒரே வயலில் ஒரே பண்ணையாரிடம் நிற்கிறவனைத் தோழனாக்கிக்கொள்ளும் வாய்ப்பை அவன் விட்டுக்கொடுக்கிறான்.

எனவே 'ஆணவம் கூடாது' என்ற உபதேசம் எடுபடாது. அது ஒருவனுடைய கூலியைச் சும்மா விட்டுவிடு என்று கேட்பது. அந்தக் கூலியை யார் தருகிறார்கள், அதற்கு ஈடாக அவனிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கை அவன் முன்னால் விரிக்க வேண்டும். 'வெகுஜன ரசனை' என்று உதட்டைப் பிதுக்கும் நமக்கும் அதில் ஒரு பற்று வரி இருக்கிறது. அதையும் சேர்த்தே விரிக்க வேண்டும்.