உங்களுக்குத் தெரியுமா? ஆட்டிசமும் அம்மா மேல் விழும் பழியும்

● இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் 1937-இல் பம்பாயில் தொடங்கியது. அதைத் தொடங்கியது, அதற்கு முந்தைய ஆண்டு உருவான சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இன்றிருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். 11 குழந்தைகளைக் கவனித்து லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது 1943-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நம் ஊரில் குழந்தைகளின் மனநலத்துக்கென ஒரு கதவு திறந்திருந்தது.

● "வேலைக்குப் போனா, புள்ளையைக் கவனிக்கல. போனைக் கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா." மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆட்டிசமுள்ள குழந்தையின் தாய் கேட்கும் சொற்கள் இவை. ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் இதைத்தான் சொன்னது. தாயின் பாசம் வற்றியதால் குழந்தை ஒடுங்கிப்போனது என்று 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். பத்தே ஆண்டுகளில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 1977-இல் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. எல்லாரும் இரட்டையரே, ஒரே வீடு, ஒரே தாய். வேறுபாடு மரபணுவில் இருந்தது.

ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, மரபணுவின் பங்கைச் சுமார் 80 சதவீதம் என்று கணித்தது. இது மக்கள்தொகை முழுவதிலும் காணும் வேறுபாட்டின் கணக்கு. உங்கள் குழந்தையை 80, 20 என்று கூறுபோட இதைப் பயன்படுத்த முடியாது.

● 'ஆட்டிசம் மரபணு' என்று ஒன்று கிடையாது. 2020-இல் வெளியான ஒரே ஒரு பெரிய ஆய்விலேயே 102 மரபணுக்கள் சுட்டப்பட்டன. அவற்றில் பல, கருவிலேயே, மூளை உருவாகும்போதே வேலை செய்பவை. எல்லாமே பரம்பரையாக வருவதும் இல்லை. சில மாற்றங்கள் குழந்தையில் புதிதாகத் தோன்றும். தந்தையின் வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் இப்படிப்பட்ட புதிய மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுவதாக 2012-இல் ஐஸ்லாந்து ஆய்வு காட்டியது. தாயை மட்டும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும். அதற்காகத் தந்தையைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம்.

● ஆட்டிசம், கவனக்குறைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய ஐந்துக்கும் மரபணு அளவில் பொதுவான இழைகள் உண்டு என்று 2013-இல் தெரியவந்தது.

● நாட்டிலேயே சொந்தத்துக்குள் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலம் தமிழ்நாடு. மாமன் மகள், அத்தை மகன் வழக்கம் மும்பைக்கும் கூடவே வந்திருக்கிறது. இத்தகைய திருமணங்களில், ஒடுங்கு மரபணுக்களால் வரும் சில நரம்பு வளர்ச்சிக் கோளாறுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. கல்யாணத்துக்கு முன்போ அடுத்த குழந்தைக்கு முன்போ மரபணு ஆலோசனை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

● தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-இல் கிளப்பிய ஆய்வுக் கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். 'லான்செட்' இதழ் 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2019 ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்கு ஆட்டிசம் ஏற்படும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்று 1971-இலேயே ஸ்டெல்லா செஸ் காட்டியிருந்தார். அந்த ரூபெல்லாவைத் தடுப்பது இதே ஊசிதான்! 2022-இல் செம்பூருக்குப் பக்கத்துக் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். வதந்தியை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

● வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மாத்திரையைக் கர்ப்பத்தில் எடுத்தால் ஆட்டிச வாய்ப்பு கூடும். ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசுங்கள்.

● இந்தியாவில் ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. குறைமாதம், எடை குறைவு, பிறந்ததும் அழாமை ஆகியவை அதனுடன் சேர்ந்து காணப்பட்டன. இவற்றில் பல பிரசவ அறையில் கவனித்தால் குறைக்கக்கூடியவை. தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். 1999-இல் அவர் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பு தாராவிச் சந்துகளுக்குள் போய்த் தாய்மாரைச் சந்திக்கிறது. மூளையைக் காக்கும் வேலை என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

● "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்." இந்த ஆறுதல் எத்தனையோ குழந்தைகளின் நல்ல காலத்தைத் தின்றுவிட்டது. ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் காக்காயை விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொல்லையும் விட்டுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். இத்தனை மொழியால்தான் குழந்தை குழம்பிவிட்டது என்று சொல்லித் தமிழை நிறுத்தும் வீடுகள் உண்டு. பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியும் தாத்தாவும் பேசும் ஒரே மொழியைப் பறித்தால் அந்தக் குழந்தை இழப்பது அதிகம்.

● கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த ஒரு சோதனை 2016-இல் வெளியானது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. பெரிய மருத்துவமனை எட்டாத குடும்பங்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

● மனநலக் கோளாறுகளில் பல சிறுவயதிலேயே தொடங்குகின்றன. மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பிள்ளைக்காக ஓடி ஓடிச் சோர்ந்த தாய் தனக்காகவும் அதில் அழைக்கலாம்.

● 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.